நான்கு அமினோ அமிலங்களும் கிழட்டுச் சுண்டெலியின் இதயமும்

பெப்டைடு தயாரிக்கும் ஆய்வகத்தில் தரப் பகுப்பாய்வு வேலை பார்த்தவன் என்பது தெரிந்த நண்பர்கள், சில காலமாக, முதுமையைத் தள்ளிப்போடும் ஊசிகளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். எபிடாலன், மாட்ஸ்-சி, ஃபாக்ஸோ-4 டி.ஆர்.ஐ. என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, இவற்றில் எதை நம்பலாம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் தீர்ப்பு சொல்வதைவிட, இந்த வகையில் மனிதர்களிடம் முறையாகவும் திரும்பத் திரும்பவும் சோதிக்கப்பட்ட ஒரு மூலக்கூறின் வரலாற்றைச் சொன்னால், மற்றவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பது தானாகவே விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். அந்த மூலக்கூறின் பெயர் எலாமிப்ரெடைடு. ஆய்வகத்தில் அதற்கு வைத்த பழைய பெயர் எஸ்.எஸ்.-31.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. சங்கிலி நீண்டு மடிந்தால் அதையே புரதம் என்கிறோம். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்ஸிடோசினை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்தில் செய்து காட்டியபோது அது பெரிய சாதனை. அதற்கு 1955-இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1963-இல், புரூஸ் மெரிஃபீல்டு அதைக் கிட்டத்தட்ட இயந்திர வேலையாக மாற்றிவிட்டார். மணல்போன்ற பிசின் மணிகளில் சங்கிலியின் கடைசி அமினோ அமிலத்தை ஒட்டவைத்து, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று பின்னிருந்து முன்னாகக் கட்டிக்கொண்டு வருவதுதான் அவருடைய முறை. ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னும் நாலைந்து மணிகளை எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டு, நின்ஹைட்ரின் கரைசல் விட்டுச் சூடேற்றுவோம். மணிகள் நீலமாகிவிட்டால் இணைப்பு முழுமையாகவில்லை, மறுபடி செய்ய வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். கடைசியில் அமிலத்தால் சங்கிலியை மணிகளிலிருந்து வெட்டி, ஈத்தரில் படியவைத்து, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தினால் பஞ்சுபோன்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். முதுமையை வெல்வதாக விற்கப்படும் குப்பிகள் அனைத்திலும் இருப்பதாகச் சொல்லப்படுவது இந்தப் பொடிதான். இன்று எந்தச் சிறு ஆய்வகமும் இதைச் செய்துவிட முடியும் என்பதில்தான் இந்தத் துறையின் வசதியும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது.

எலாமிப்ரெடைடில் இருப்பவை நான்கே அமினோ அமிலங்கள். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஹேசல் ஸெட்டோவும், மான்ட்ரியலில் இருந்த பீட்டர் ஷில்லரும் முதுமையைத் தேடிப் போனவர்கள் அல்லர். மார்ஃபினைப் போல வலியைக் குறைக்கும் பெப்டைடுகளைத்தான் அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இருவருடைய பெயரின் முதல் எழுத்துகளே ‘எஸ்.எஸ்.’ ஆயின. அந்த வரிசையில் சில பெப்டைடுகள் எந்த வாயில்காவல் புரதத்தின் உதவியும் இல்லாமல் செல்லுக்குள் நுழைவதையும், நுழைந்தபின் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் போய்க் குவிவதையும் அவர்கள் கவனித்தார்கள். வலிநிவாரணித் தன்மையைக் கழித்துவிட்டு இந்தக் குணத்தை மட்டும் நிறுத்திக்கொண்ட வடிவம்தான் எஸ்.எஸ்.-31. முதலில் இருப்பது டி-வடிவ (இயற்கையில் வழக்கமான எல்-வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம்) ஆர்ஜினின், அடுத்தது இரண்டு மெத்தில் தொகுதிகள் சேர்த்த டைரோசின், அதன்பின் லைசின், கடைசியில் ஃபினைல் அலனின், அதன் முனை அமைடாக மூடப்பட்டிருக்கும். நேர்மின்சுமை, வளையம், நேர்மின்சுமை, வளையம் என்று மாறி மாறி வருவதுதான் அமைப்பின் சூட்சுமம். உடலின் நொதிகள் எல்-வடிவ அமினோ அமிலங்களை வெட்டப் பழகியவை என்பதால், முன்முனையில் டி-வடிவத்தையும் பின்முனையில் அமைடையும் வைத்துச் சங்கிலியை இரு பக்கமும் காவல் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே போனபின் அது ஒட்டிக்கொள்ளும் இடம் கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பு. 1940-களில் மேரி பேங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததால் அதற்கு அந்தப் பெயர். (மேகநோய்க்காக எடுக்கப்படும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையில் பயன்படுவதும் இதே கொழுப்புதான். ஆய்வுக்கூடக்காரர்கள் பலர் தினமும் அதைக் கையாண்டும், அது செல்லில் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்வதில்லை.) மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மடிப்பு மடிப்பாக வளைந்து நிற்பதற்கும், ஆற்றல் உற்பத்தி செய்யும் புரதங்கள் அந்த மடிப்புகளில் நெருங்கி அமர்வதற்கும் கார்டியோலிப்பின் வேண்டும். வயது ஏற ஏற இந்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதைகிறது, மடிப்புகள் குலைகின்றன, சவ்வின் வழியே புரோட்டான்கள் கசிகின்றன, அதே உணவுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. எஸ்.எஸ்.-31 கார்டியோலிப்பினோடு சேர்ந்து இந்தச் சிதைவைத் தடுக்கிறது என்பதே கருத்து.

சுண்டெலிகளில் கிடைத்த முடிவுகள், ஒளிக்காமல் சொன்னால், அசர வைப்பவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் மார்சினெக்கின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கிழட்டுச் சுண்டெலிக்கு ஒரே ஓர் ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் அதன் தசையின் ஆற்றல் உற்பத்தி இளம் சுண்டெலியின் அளவை நெருங்கியது. அதே பல்கலைக்கழகத்தில் பீட்டர் ராபினோவிட்ச் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 24 மாத வயதுடைய, அதாவது மனிதக் கணக்கில் ஏறத்தாழ எழுபதைத் தொட்ட சுண்டெலிகளுக்கு 8 வாரம் மருந்து செலுத்தியபோது, இதயம் சுருங்கியபின் தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் திறன் பெருமளவு மீண்டது. வயதானவர்களின் இதயத்தில் முதலில் குறைவது இந்தத் தளரும் திறன்தான். அதைத் திரும்பக் கொண்டுவரும் மருந்துகள் அரிது. இதைப் படித்தபோது, விற்பனைப் பேச்சுக்கு எளிதில் மயங்காத எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

ஆனால் 2025-இல் மார்சினெக்கும் ஹார்வர்டின் வதிம் கிளாடிஷெவும் சேர்ந்த குழு ஒன்று அடுத்த கேள்வியைக் கேட்டது. இந்த மருந்து பெற்ற கிழட்டுச் சுண்டெலிகளின் இதயமும் தசையும் நன்றாக வேலை செய்கின்றன, சரி. அவற்றின் திசுக்கள் உண்மையில் இளமையாகிவிட்டனவா? டி.என்.ஏ.-வின் மீதுள்ள மெத்தில் குறிகளைக் கொண்டும், எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு செயல்படுகின்றன என்பதைக் கொண்டும் திசுவின் உயிரியல் வயதைக் கணிக்கும் முறைகள் இப்போது இருக்கின்றன. அந்த இரண்டு அளவீட்டிலும் கண்டறியக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. செயல்திறன் கூடியது, கணித்த வயது நகரவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் அண்மையில் வந்த முடிவுகளில் மிக நேர்மையானது இதுதான். முதியவர் மூச்சு வாங்காமல் மாடியேறுவதும், அவருடைய செல்கள் இளமைக்குத் திரும்புவதும் வெவ்வேறு காரியங்கள். விளம்பரங்களில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முதலாவது மட்டும் கிடைத்தாலே எனக்குப் போதும் என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் அது மனிதர்களுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

நோயில்லாத முதியவர்களிடமே அதைப் பார்த்திருக்கிறார்கள். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களில், ஒரு சாராருக்கு எலாமிப்ரெடைடையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத திரவத்தையும் ஒரே ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள சிறு தசையை எம்.ஆர். கருவியில் அளந்தார்கள். அந்த இரு விரல்களால் எதையாவது அழுத்திக் கிள்ளும்போது புடைக்குமே, அந்தத் தசை. முடிவு 2021-இல் வெளியானது. மருந்து ஏறி முடிந்த வேளையில் தசையின் அதிகபட்ச ஏ.டி.பி. (செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) உற்பத்தி, மற்றவர்களோடு ஒப்பிடுகையில், தெளிவாகக் கூடியிருந்தது. ஏழாம் நாள் பார்த்தபோது அந்த வேறுபாடு நிற்கவில்லை. தசை களைப்பைத் தாங்கும் திறனிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் தென்படவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏதோ உண்மையாகவே நடக்கிறது என்பதற்கு இது சான்று. அந்த மனிதர் அதிகம் உழைக்க முடியும் என்பதற்கு இல்லை.

நோயாளிகளிடம் செய்த சோதனைகள் இதைவிடக் கடுமையான பாடம். மாரடைப்பு வந்தவர்களின் அடைப்பை நீக்கும் நேரத்தில் இதைக் கொடுத்தால் இதயத் தசையின் சேதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். சேதத்தின் அளவு குறையவில்லை. பரம்பரை மைட்டோகாண்ட்ரியத் தசைநோய் உள்ள 218 பேரிடம் 24 வாரம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், நடக்கும் தூரமும் களைப்பும் மாற வேண்டும் என்பது இலக்கு. இரண்டும் மருந்துப்போலி பெற்றவர்களைவிட மேம்படவில்லை என்று 2019 இறுதியில் தெரிந்தது. சுண்டெலி ஆய்வுகளைப் பார்த்திருந்த யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் பலவாக இருக்கலாம். ஆய்வகச் சுண்டெலிகள் ஒரே மரபு, ஒரே கூண்டு, ஒரே தீனி, மனிதர்கள் அப்படியல்லர். தசைநோய்ச் சோதனையில் சேர்ந்தவர்களிடம் மரபணுக் கோளாறுகள் வெவ்வேறாக இருந்தன. எல்லாருடைய சிக்கலும் கார்டியோலிப்பினில் இல்லை.

கார்டியோலிப்பினிலேயே சிக்கல் உள்ள நோய் ஒன்று உண்டு, அது பார்த் நோய். நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் 1983-இல் விவரித்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டஃபாசின் மரபணு பழுதானதால் வருவது என்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். அந்த மரபணு தரும் நொதிதான் கார்டியோலிப்பினை முதிர்ந்த வடிவத்துக்குச் செப்பனிடுகிறது. அது இல்லாவிட்டால் இதயம் விரிந்து தளர்கிறது, தசை வலுவிழக்கிறது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைகின்றன. அமெரிக்காவில் இந்நோய் உள்ளவர்கள் சில நூறு பேர்கூட இல்லை. அங்கே 12 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரம் மருந்தும் 12 வாரம் மருந்துப்போலியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோதும் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அவர்களில் தொடர விரும்பியவர்கள் மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு 168 வாரத்தை எட்டியபோது, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக ஏறத்தாழ 96 மீட்டர் கூடியிருந்தது. அந்த நீட்டிப்பில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்துப்போலிக் குழு இல்லை. மருந்துதான் காரணமா, வளர்ச்சியா, பழக்கமா என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை.

இந்தத் தரவை வைத்துக்கொண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பட்ட பாட்டைக் கவனித்தவர்களுக்கு அனுமதி என்பது எவ்வளவு கனமான சொல் என்று புரியும். 2024 அக்டோபரில் ஆலோசனைக் குழுவில் பத்துப் பேர் ஆதரவாகவும் ஆறு பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 2025 மே மாதம் நிர்வாகம் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது. நோயாளிகளின் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2025 செப்டம்பரில், முழங்காலை நீட்டும் தசையின் வலு கூடியதை இடைநிலைச் சான்றாக ஏற்று, குறைந்தது 30 கிலோ எடையுள்ளவர்களுக்கு விரைவு அனுமதி தரப்பட்டது. பயனை உறுதிப்படுத்தும் சோதனையை நிறுவனம் இனித்தான் செய்து காட்ட வேண்டும். ஃபோர்சினிட்டி என்ற பெயரில் வரும் அதுவே பார்த் நோய்க்குக் கிடைத்த முதல் மருந்து. கிழட்டுச் சுண்டெலியின் இதயத்தை மீட்ட அதே நான்கு அமினோ அமிலங்கள் கடைசியில் சென்று சேர்ந்தது இளம் நோயாளிகளிடம்.

இனி எபிடாலனைப் பார்க்கலாம், ஏனென்றால் இதுவும் நான்கே அமினோ அமிலங்கள்: அலனின், குளூட்டாமிக் அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம், கிளைசின். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாடிமிர் காவின்சன், சோவியத் காலத்தில் மாட்டின் உறுப்புகளிலிருந்து சாறு எடுத்து முதுமைக்கு மருந்து தேடும் பணியைத் தொடங்கினார். 2024-இல் மறையும்வரை அதே துறையில்தான் இருந்தார். மூளையின் பினியல் சுரப்பிச் சாற்றின் சாரம் என்று அவர் கருதியதன் செயற்கை வடிவமே எபிடாலன். 2003-இல் அவருடைய குழு, வளர்ப்புக் குடுவையில் இருந்த மனிதக் கருவின் நாரியச் செல்களில் இது டெலோமரேஸ் நொதியைத் தூண்டி, செல் பிரியப் பிரியக் குறுகும் குரோமோசோம் முனைகளான டெலோமியர்களை நீட்டியது என்று எழுதியது. இன்றைய விளம்பரங்கள் அனைத்தும் நிற்பது அந்த வாக்கியத்தின்மேல். அதே ஆண்டு விளாடிமிர் அனிசிமோவ் குழு பெண் சுண்டெலிகளிடம் செய்த சோதனையின் முடிவை யாரும் முழுமையாகச் சொல்வதில்லை. அதில் சராசரி ஆயுள் கூடவே இல்லை. கடைசிவரை பிழைத்திருந்த 10 சதவீதத்தின் ஆயுள் 13.3 சதவீதமும், உச்ச ஆயுள் 12.3 சதவீதமும் கூடின. இரத்தப் புற்று குறைந்தது. கவனத்துக்குரிய முடிவுதான். ஆனால் அந்தக் கடைசிப் பத்து சதவீதம் என்பது கைவிரல்களுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. எலாமிப்ரெடைடு தாண்டி வந்த தடைகளில் ஒன்றைக்கூட எபிடாலன் இன்னும் தாண்டவில்லை. தாண்ட முயன்று விழவுமில்லை. விழுந்த செய்தி வராததை, வெற்றி பெற்றதாக வாடிக்கையாளர் எடுத்துக்கொள்கிறார்.

நான் வேலை பார்த்த மேசைக்கு அருகில் இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எபிடாலனின் கடைசி இரண்டு அமினோ அமிலங்கள் அஸ்பார்ட்டிக் அமிலமும் கிளைசினும். பெப்டைடு தயாரிப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மிகவும் அஞ்சும் சோடி இது. ஒவ்வொரு சுற்றிலும் பாதுகாப்புத் தொகுதியை நீக்கக் காரம் சேர்க்கும்போது அஸ்பார்ட்டிக் அமிலத்தின் பக்கக்கிளை வளைந்து வந்து முதுகெலும்பைத் தொட்டு ஒரு வளையத்தை உண்டாக்கும். அதற்கு அஸ்பார்ட்டிமைடு என்று பெயர். அந்த வளையம் நீர் பட்டுத் திறக்கும்போது சங்கிலி சரியான கிளை வழியாகவும் தொடரலாம், தவறான கிளை வழியாகவும் தொடரலாம். தவறான வடிவத்தின் நிறையும் சரியான வடிவத்தின் நிறையும் ஒன்றே என்பதால், நிறைமானி தரும் ஒற்றை எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எலாமிப்ரெடைடிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு: டி-ஆர்ஜினினுக்குப் பதில் விலை மலிவான எல்-ஆர்ஜினினைச் சேர்த்துவிட்டால் நிறை மாறாது, உடலின் நொதிகள் எளிதாக வெட்டிவிடும் வேறொரு பொருள் அது. சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தால்தான் எச்.பி.எல்.சி. வரைபடத்தில் வித்தியாசம் தெரியும். இணையத்தில் விற்பவர்கள் ‘99 சதவீதத் தூய்மை’ என்று ஒட்டித் தரும் சான்றிதழில் ஓங்கி நிற்கும் ஒரு முகடும் ஒரு நிறை எண்ணும் இருக்கும். அந்த முகடு எந்த மூலக்கூறு என்பதற்கோ, குப்பியில் பாக்டீரிய நச்சு இருக்கிறதா என்பதற்கோ, பத்து மில்லிகிராம் பொடியில் எவ்வளவு பெப்டைடு, எவ்வளவு உப்பும் ஈரமும் என்பதற்கோ அந்தத் தாளில் பதில் இருப்பது அபூர்வம். ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற ஒரு வரி அச்சிட்டுவிட்டால் இந்தக் கேள்விகள் எதற்கும் பதில் சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லாமல் போகிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எபிடாலன், மாட்ஸ்-சி, ஊசியாகப் போடும் ஜி.எச்.கே. செம்பு உட்படப் பல பெப்டைடுகளை, மருந்துக்கடைகள் கலந்து தருவதில் பாதுகாப்பு ஐயம் உள்ளவை என்ற பட்டியலில் வைத்தது. 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த நீள் ஆயுள் மாநாடு ஒன்றில் பெப்டைடு ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் செயற்கைச் சுவாசம் வைக்கும் அளவுக்கு ஆபத்தான நிலைக்குப் போனார்கள். மூலக்கூறா, மாசா, வேறு ஏதாவதா என்று தீர்மானிக்கக்கூட வழி இல்லாத பொருளை உடலில் ஏற்றிக்கொள்ளும் துணிச்சல் எனக்கு விளங்கவில்லை.

ஃபாக்ஸோ-4 டி.ஆர்.ஐ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ராட்டர்டாமில் பீட்டர் டி கெய்சர் குழு 2017-இல் வெளியிட்ட அழகான ஆய்வு, முதிர்ந்து தேங்கிய செல்களை மட்டும் அழித்துச் சுண்டெலிக்கு உரோமத்தையும் ஓட்டத்தையும் திருப்பித் தந்தது, அந்தச் சுண்டெலிகளின் படத்தைக் காட்டித்தான் இன்றும் விற்கிறார்கள். மாட்ஸ்-சி, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.-விலேயே குறியீடு உள்ள 16 அமினோ அமிலப் பெப்டைடு. 2015-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. அடிப்படை அறிவியலாக எனக்கு மிகவும் பிடித்தது. வாங்கி ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய பொருளாக இல்லை.

முதுமை என்பதையே ஒரு நோயாக எழுதி அனுமதி கேட்க அமெரிக்காவில் இன்று வழியில்லாததால், எலாமிப்ரெடைடு முதுமையைத் தொடுகிறதா என்பதற்கான விடை கண்ணிலிருந்துதான் வரக்கூடும். வயதானவர்களின் விழித்திரை நடுப்பகுதி உலர்ந்து தேயும் நோயில் இதன் இரண்டாம் கட்டச் சோதனை முதன்மை இலக்குகளைத் தவறவிட்டது. ஆனால் ஒளியை வாங்கும் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக இருக்கும் அடுக்கு அழிவது மெதுவானது போலத் தெரிந்தது. அந்த அடுக்கின் தேய்வையே இம்முறை முதன்மை இலக்காக எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளைத் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றின் முடிவு வரும்போது நான் முதலில் பார்க்கப்போவது அடுக்கின் படத்தை அன்று, மங்கிய வெளிச்சத்தில் அந்த முதியவர்கள் இன்னும் எத்தனை எழுத்துகளைப் படிக்கிறார்கள் என்ற எண்ணை.